ரிபில்ட் பண்ண பழைய பைக் இன்ஜின் ரன்னிங் இன்ல மக்கர் பண்ணா எங்க பார்க்கணும்

இன்ஜினப் பிரிச்சு, சிலிண்டர உள்ள கடைஞ்சு போர் போட்டு, புது பிஸ்டன் ரிங் மாட்டி, கிராங்க்கும் சரி பண்ணி ஃபிரேம்ல ஏத்தியாச்சு, கிக்கர உதைச்சதும் ஸ்டார்ட்டும் ஆயிடுச்சு. அப்புறம் வர்ற முதல் 800, 1000 கிலோமீட்டர், அதாவது ரன்னிங் இன்லதான் நிறைய பேர் பயந்துபோய் நல்லா இருக்குற இன்ஜின மறுபடி பிரிச்சுடுறாங்க. இல்லன்னா நிஜமாவே நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தாம ஓட்டி புது பிஸ்டன காலி பண்ணிடுறாங்க. இந்த ஸ்டேஜ்ல வர்ற கம்ப்ளைண்ட் எல்லாம் திரும்பத் திரும்ப அதேதான், முக்காவாசிக்கு ஹெட்ட கூட கழட்ட வேண்டியதில்ல. அதனால அறிகுறி வாரியா எழுதியிருக்கேன், உங்க வண்டி என்ன பண்ணுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க. ஒவ்வொண்ணுலயும் முதல்ல இருக்குறது காசு செலவில்லாம பார்க்கக்கூடியது, கீழ போகப் போக செலவு ஏறும். தயவுசெஞ்சு அந்த வரிசைய மாத்தாதீங்க.

எதையும் யோசிக்காம உடனே ஆஃப் பண்ண வேண்டியது

ஆயில் சுத்தலன்னா, கீழ இருந்து கனமா டொக் டொக்னு இடி சத்தம் வந்தா, ஓடிட்டிருக்கும்போதே யாரோ பின்னாடி இழுக்குற மாதிரி வேகம் செத்துப்போனா. இந்த மூணுல எது வந்தாலும் வீடு வரைக்கும் ஓட்டிப் போயிடலாம்னு நினைக்காதீங்க. தள்ளிட்டுப் போங்க, இல்லன்னா வேற வண்டில ஏத்திட்டுப் போங்க. மத்தது பெரும்பாலும் அவ்ளோ அவசரம் இல்ல, நிதானமா பார்க்கலாம், ஓட்டக்கூடாதுன்னா அந்தந்த இடத்துல சொல்லியிருக்கேன்.

ஸ்டார்ட் பண்ணியாச்சு, ஆயில் திரும்பி வரல

ட்ரை சம்ப், அதாவது ஆயில் இன்ஜின் அடில தேங்காம தனி டேங்க்ல இருந்து சுத்தி வர்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்குதான் இது. பழைய பிஎஸ்ஏ, ட்ரையம்ஃப், நார்ட்டன் எல்லாம் இந்த வகை. பழைய புல்லட்ல ஆயில் டேங்க் கிராங்க்கேஸோடவே சேர்ந்திருந்தாலும் வேலை செய்யுறது இதே மாதிரிதான். தனி டேங்க் வண்டின்னா மூடியத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க, ரிட்டர்ன் பைப்ல ஆயில் விட்டு விட்டு, காத்துக் குமிழியோட துப்பணும். புல்லட்ல ராக்கருக்குப் போற பைப்போட பேஞ்சோ போல்ட்ட லேசா லூஸ் பண்ணா ஆயில் கசியணும்.

ஒரு நிமிஷத்துக்குள்ள வரலன்னா ஆஃப் பண்ணிட்டு முதல்ல ஆயில் லெவல் பாருங்க. ஆயில் லைன்ல யாராவது டேப் (திறந்து மூடுற குழாய்) மாட்டியிருந்தா அது திறந்திருக்கான்னு பாருங்க, கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா மூடுன டேப்போட ஸ்டார்ட் பண்ணி செத்த இன்ஜின்கள் நிஜமாவே உண்டு. அடுத்தது ஏர் லாக். பிளக்கக் கழட்டிட்டு கிக்கர நிதானமா அடிச்சுக்கிட்டே இருங்க, பிளக் இல்லாததால லோடு இருக்காது, பம்ப் ஆயில இழுக்க ஆரம்பிச்சிடும். புதுசா கட்டுன இன்ஜினுக்கு முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடியே இதைப் பண்ணிடுறது நல்லது.

அதுக்கும் வரலன்னா டைமிங் கவர கழட்டணும். இங்க நான் முதல்ல சந்தேகப்படுறது சிலிகான் பேஸ்ட்டத்தான். கவர்ல அள்ளி அப்பிருப்பாங்க, போல்ட் இறுக்கும்போது பிதுங்கி ஆயில் ஓட்டைய அடைச்சிருக்கும், இல்ல கேஸ்கெட்டுல அந்த ஓட்டையே வெட்டாம விட்டிருப்பாங்க. பேஸ்ட்ட ஒரு மெல்லிசு படலமா தடவினாலே போதும். அதுவும் சரியா இருந்தா பம்ப், பம்ப சுத்துற வார்ம் கியர். இது மெக்கானிக் வேலை, கைல கொடுத்துடுங்க.

இன்ஜின் ரொம்ப சூடாகுது

புது போர், புது ரிங், உரசல் அதிகம், அதனால முதல் 200, 300 கிலோமீட்டர் கொஞ்சம் கூடுதலா சூடாகத்தான் செய்யும். சூடு ஏற ஏற இழுவை குறையுதா, லோடுல கிணிகிணின்னு சத்தம் வருதா, சைலன்சர் பெண்டு பைப் சிவக்குதா, அப்பதான் கவலைப்படணும்.

முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, நிக்க வச்சு எவ்ளோ நேரம் ஓட விட்டீங்க? ஏர் கூல்டு இன்ஜினுக்கு காத்துதான் ரேடியேட்டர், நின்ன இடத்துல பத்து நிமிஷம் ஐட்லிங்ல விட்டா சூடாகாம என்ன பண்ணும். டியூனிங் பார்க்கணும்னா முன்னாடி ஒரு பெரிய ஃபேன் வைங்க.

அடுத்தது இன்ஜினுக்கே சம்பந்தமில்லாத விஷயம். வண்டிய சென்டர் ஸ்டாண்டு போட்டு ரெண்டு வீலையும் கையால சுத்திப் பாருங்க. புது பிரேக் ஷூ பிடிச்சிட்டே இருக்கும், இல்ல செயின் ரொம்ப டைட்டா இருக்கும், அந்த லோடு முழுக்க புது பிஸ்டன் தலைல விழும்.

வீல் ஃப்ரீயா சுத்துதுன்னா டைமிங், அதாவது பிளக் பொறி விடுற நேரம். ஃபோர் ஸ்ட்ரோக்ல டைமிங் லேட்டா இருந்தா பெண்டு பைப் சீக்கிரம் நீலமாகும், இழுவை சோம்பலா இருக்கும். பாயிண்ட் (பொறிக்காகத் தொட்டு விலகுற காண்டாக்ட்) கேப்ப ஃபீலர் கேஜ் வச்சு பாருங்க, புல்லட் மாதிரி வண்டிக்கு 0.35ல இருந்து 0.40 மில்லிமீட்டர். முதல்ல கேப்ப வைக்கணும், அப்புறம்தான் டைமிங், ஏன்னா கேப் மாறினா டைமிங்கும் மாறும்.

அதுவும் சரின்னா காத்து உள்ள இழுக்குது. ஐட்லிங்ல விட்டுட்டு கார்ப்பரேட்டர் ஃபிளாஞ்ச் சுத்தி, மேனிஃபோல்டு ஜாயிண்ட்ல, கார்ப் கிளீனர கொஞ்சமா அடிச்சுப் பாருங்க. சுருதி மாறுதுன்னா அங்கதான் லீக். சூடான சைலன்சர் மேல படாம அடிங்க, அது பெட்ரோல் மாதிரியே பத்திக்கும். பழைய கார்ப்ல ஃபிளாஞ்ச இறுக்கி இறுக்கி வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருக்கும், கண்ணாடி மேல எமரி பேப்பர் விரிச்சு தேச்சா நேராகிடும். டூ ஸ்ட்ரோக்னா கிராங்க் ஆயில் சீலும் இந்த லிஸ்ட்ல சேரும், அங்க காத்து இழுத்தா மிக்ஸர் லீனாகி (காத்து அதிகம், பெட்ரோல் கம்மி) பிஸ்டன் ஓட்டையாகுற அளவுக்கு போயிடும், அதனால சந்தேகம் வந்தாலே ஓட்டாதீங்க.

இதெல்லாம் பார்த்தும் சூடு குறையலன்னா பிஸ்டன் கிளியரன்ஸ் (பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவுல இருக்குற இடைவெளி) கம்மியா இருக்கலாம். அதை வெளிய இருந்து பார்க்க முடியாது. சிலிண்டரக் கழட்டி பிஸ்டனோட லேத்துக்கு எடுத்துட்டுப் போய் மைக்ரோமீட்டர், போர் கேஜ் வச்சு அளக்கச் சொல்லுங்க. கை அனுபவத்துல கரெக்டா இருக்குன்னு சொன்னா ஏத்துக்காதீங்க, பிஸ்டன் கம்பெனி சொன்ன அளவோட நம்பர் ஒத்துப்போகணும்.

ஓடிட்டிருக்கும்போதே இறுகுது, வீல் பிடிக்குது

கிளட்ச்ச பிடிங்க, த்ராட்டில மூடுங்க, ஓரமா உருண்டு நில்லுங்க. ரன்னிங் இன் முடியுற வரைக்கும் ரெண்டு விரல் கிளட்ச் லீவர் மேலயே இருக்கட்டும். நின்னதும் தண்ணி ஊத்தாதீங்க, உடனே கிக்கரையும் உதைக்காதீங்க. முழுசா ஆறட்டும். ஆறினப்புறம் பிளக்கக் கழட்டி ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, கிக்கர கையால மெதுவா அழுத்திப் பாருங்க.

சிக்கிச் சிக்கி வருதுன்னா இதுக்கு மேல நீங்க எதுவும் பண்ணாதீங்க, நேரா மெக்கானிக்.

லேசா சுத்துதுன்னா நிறைய பேர் ஸ்டார்ட் பண்ணி ஓட்டிப் போயிடுவாங்க. நான் சிலிண்டரத் தூக்கிப் பார்க்கச் சொல்வேன், ஏன்னா பிஸ்டன் மேல இருக்குற கோடுதான் காரணத்த சொல்லும். பிஸ்டன வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாருங்க. நாலு மூலைல (பிஸ்டன் பின்னுக்கு ரெண்டு பக்கத்துலயும்) மட்டும் கோடுன்னா இன்ஜின் சூடேறுறதுக்குள்ள த்ராட்டில் கொடுத்திருக்கீங்க, இல்ல கிளியரன்ஸ் பத்தல. சுத்தி எல்லாப் பக்கமும் கோடுன்னா பெரும்பாலும் கிளியரன்ஸ்தான். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கருகி தேஞ்சிருந்தா லீன் மிக்ஸர், இல்லன்னா டைமிங் தப்பு, மேல சூட்டுக்கு சொன்னதெல்லாம் பாருங்க. டூ ஸ்ட்ரோக்ல போர்ட் இருக்குற இடத்துக்கு நேரா மட்டும் கோடு இருந்தா, போர் போட்டப்புறம் போர்ட் விளிம்ப மழுக்காம விட்டுட்டாங்க. அந்தக் கூர் விளிம்புல ரிங் மாட்டி ஒடையவும் செய்யும், லேத்துலயே சரி பண்ணித் தர வேண்டிய வேலை அது. ரிங் கேப்பையும் அப்பவே பாருங்க, போர் அளவுல ஒவ்வொரு 25 மில்லிமீட்டருக்கும் சுமாரா 0.1 மில்லிமீட்டர்னு கணக்கு வச்சுக்கலாம், 70 மில்லிமீட்டர் போருக்கு 0.28 கிட்ட வரும். அதை விட டைட்டா இருந்தா சூட்டுல ரிங் முனை ரெண்டும் முட்டிக்கும்.

டூ ஸ்ட்ரோக் ஓட்டுறவங்களுக்கு ஒரு விஷயம். பெட்ரோல்ல ஆயில் கலந்து ஓடுற வண்டில, இறக்கத்துல த்ராட்டில மூடிட்டு கியர்லயே இறங்காதீங்க. த்ராட்டில் மூடினா பெட்ரோல் போகாது, பெட்ரோல் போகலன்னா ஆயிலும் போகாது, ஆனா இன்ஜின் மட்டும் வேகமா சுத்திட்டிருக்கும். கிளட்ச்ச பிடிச்சு இறங்குங்க, நடுநடுவுல லேசா த்ராட்டில் கொடுங்க. ரன்னிங் இன்ல லிட்டருக்கு 40 மில்லி போடுற வண்டிக்கு 50 மில்லி போடலாம், அதுக்கு மேல போடப் போட பெட்ரோலோட பங்கு குறைஞ்சு மிக்ஸர் லீனாகும், பாதுகாப்புன்னு நினைச்சு அள்ளி ஊத்துறது எதிராத்தான் முடியும்.

நீலப் புகை

டூ ஸ்ட்ரோக்ல கொஞ்சம் புகை சகஜம், இது ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு. எப்ப புகையுதுன்னு பார்த்தாலே பாதி பதில் கிடைச்சிடும்.

*கட்டி முடிச்சு முதல் தடவை ஸ்டார்ட் பண்ணப்ப மட்டும்:* அசெம்பிள் பண்ணும்போது தடவுன ஆயிலும், பழைய சைலன்சருக்குள்ள தேங்கிக் கிடக்குற ஆயிலும் எரியுது. அரை மணி நேரம் ஓடினா போயிடும். விட்டுடுங்க.

*ரெண்டு மூணு நாள் நிறுத்திட்டு எடுத்தா மட்டும்:* டேங்க்ல இருக்குற ஆயில் பம்ப் வழியா கிராங்க்கேஸ்ல இறங்கியிருக்கு. டேங்க் லெவல் குறைஞ்சிருக்கேன்னு மேல ஊத்திடாதீங்க, முதல்ல கிராங்க்கேஸ் டிரெயின் போல்ட்டக் கழட்டி எவ்ளோ வருதுன்னு பாருங்க. ஆயில ஒரு பக்கம் மட்டும் விடுற செக் வால்வுல பந்துக்கு அடியில தூசி ஒட்டியிருக்கும், கழுவினாலே சில சமயம் சரியாகிடும். வாராவாரம் நிறைய இறங்குதுன்னா பம்ப் தேஞ்சிருக்கு.

*வேகத்துல த்ராட்டில மூடி, மறுபடி திறக்கும்போது:* வால்வு கைடு (வால்வு தண்டு ஏறி இறங்குற குழல்) தேஞ்சிருக்கு. இல்லன்னா ஹெட்ல இருந்து ஆயில் கீழ இறங்குற ஓட்டை அடைஞ்சு மேலயே தேங்குது, இதை முதல்ல பாருங்க, இது இலவசம். கைடுன்னா ஹெட் லேத்துக்குப் போகணும்.

*த்ராட்டில் கொடுக்கும்போதெல்லாம்:* ரிங். ஆனா 500 கிலோமீட்டர் கூட ஆகலன்னா தீர்ப்பு எழுதாதீங்க, ரிங் இன்னும் செட் ஆகல. அதுக்கு மேலயும் குறையாம வருதுன்னா ரிங்க தலைகீழா மாட்டியிருக்க வாய்ப்பு உண்டு. டேப்பர் ரிங்ல மேல் பக்கத்துக்கு ஒரு அடையாளம் போட்டிருப்பாங்க, அதைக் கீழ பார்க்க மாட்டினா ஆயில வழிச்சு இறக்குறதுக்கு பதிலா மேல ஏத்தும்.

கருப்புப் புகைன்னா அது ஆயில் இல்ல, பெட்ரோல் அதிகம். சோக் முழுசா திறக்குதா, ஏர் ஃபில்டர் அடைஞ்சிருக்கா, ஃப்ளோட் லெவல் (கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் நிக்கிற அளவு) சரியான்னு பாருங்க. இதை ரொம்ப நாள் விடாதீங்க, அதிகப்படி பெட்ரோல் போர்ல இருக்குற ஆயில கழுவிடும்.

சத்தம்

நீளமான ஸ்க்ரூ டிரைவரோட நுனிய இன்ஜின் மேல வச்சு, பிடிய காதுக்குப் பக்கத்து எலும்புல அழுத்துங்க. ஹெட், சிலிண்டர், கிராங்க்கேஸ்னு ஒவ்வொரு இடமா வச்சா எங்க சத்தம் அதிகம்னு தெளிவாத் தெரியும். சுத்துற எதுலயும் படாம பார்த்துக்குங்க.

*மேல டிக் டிக்:* பெரும்பாலும் டாப்பெட், அதாவது வால்வ அழுத்துற இடத்துல விடுற கேப். முதல் சூட்டுக்கு அப்புறம் கேஸ்கெட் அமுங்கும், ஹெட் நட்ட இன்ஜின் முழுசா ஆறினப்புறம் குறுக்கும் நெடுக்குமா டார்க் ரென்ச் வச்சு மறுபடி இறுக்கணும், அதுக்கப்புறம் டாப்பெட் கேப் மாறியிருக்கும். நட்ட இறுக்கிட்டு டாப்பெட்ட விட்டுட்டா கேப் குறைஞ்சு வால்வு முழுசா மூடாது, அந்தப் பக்கம் சத்தமே இருக்காது, அதான் ஆபத்து. லேசா டிக் டிக்னு கேக்குற டாப்பெட் எவ்ளவோ மேல். புல்லட் புஷ்ராட்ட ரெண்டு விரலால உருட்டிப் பார்க்கணும், வழுக்கிட்டு சுத்தணும், மேல கீழ ஆட்டினா ஆட்டம் கைல தெரியக்கூடாது. பிஸ்டன் கம்ப்ரஷன்ல உச்சில நிக்கும்போது, இன்ஜின் சில்லுனு இருக்கும்போது மட்டும்தான் இந்த செட்டிங். டாப்பெட் சரியா இருந்தும் டிக் டிக்னா எக்ஸாஸ்ட் ஜாயிண்ட்ல கரி படிஞ்ச கோடு இருக்கான்னு பாருங்க, அங்க லீக் ஆனா அதே சத்தம்தான்.

*ஆறி இருக்கும்போது கடகட, சூடானா போயிடுது:* பிஸ்டன் ஸ்லாப், பிஸ்டன் போர் சுவர்ல தட்டுற சத்தம். பழைய இன்ஜினுக்கு இது சகஜம், ஓட்டுங்க.

*ஏத்தத்துல கிணிகிணி:* டைமிங் அட்வான்ஸ் ஆகியிருக்கு, இல்ல டாப் கியர்லயே திணற வைக்கிறீங்க. கியர் இறக்குங்க, டைமிங் பாருங்க.

*கீழ டொக் டொக், லோடுல அதிகமாகுது:* பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்க்ல சேர்ற பேரிங்). *அடில இருந்து உறுமல், ஃபுட் ரெஸ்ட்ல அதிர்வு:* மெயின் பேரிங் (கிராங்க்கத் தாங்குறது). ரெண்டுக்கும் நீங்க வெளிய இருந்து பார்க்க எதுவும் இல்ல. ஓட்டாதீங்க, கட்டிக் கொடுத்தவர்கிட்டயே திரும்ப எடுத்துட்டுப் போங்க.

வடிச்ச ஆயில்ல மினுமினுப்பு

முதல் ஆயில 50, 80 கிலோமீட்டர்லயே வடிச்சிடுங்க, அடுத்தது 250, 300ல, அப்புறம் 800 கிட்ட. மினரல் ஆயில் போதும், சிந்தடிக் இப்ப வேணாம், ரிங் செட் ஆகட்டும்.

சூடா இருக்கும்போதே வெள்ளை ட்ரேல வடிச்சு வெயில்ல வைங்க. சாம்பல் கலர்ல பொடியா, விரல்ல தேச்சா கரகரன்னு தெரியாத அளவுக்கு மினுமினுப்பு இருந்தா அது போரும் ரிங்கும் ஒண்ணையொண்ணு தேச்ச பொடி, முதல் ஆயில்ல அது வந்தே ஆகணும். அப்புறம் ஒரு காந்தத்த பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ட்ரேல மெதுவா இழுங்க. கவர்ல முள்ளு முள்ளா ஒட்டுறது இரும்பு, கியர்ல இருந்தோ ரிங்ல இருந்தோ வந்தது. ஒட்டாம தட்டையா வெள்ளி மாதிரி பளபளக்குறது அலுமினியம், பிஸ்டன்ல இருந்து. மஞ்சளா இருந்தா புஷ். நகத்துல எடுக்குற அளவுக்குத் துண்டு வந்தா எந்தக் கலரா இருந்தாலும் நிறுத்துங்க, அந்தத் துண்டையே ஒரு டப்பால போட்டு மெக்கானிக்கிட்ட காட்டுங்க. ரெண்டாவது ஆயில்ல பொடி பாதியாவது குறைஞ்சிருக்கணும், குறையலன்னா எங்கயோ தேஞ்சுட்டே இருக்குன்னு அர்த்தம்.

சூடானா நின்னுடுது, ஆறினா ஸ்டார்ட் ஆகுது

நின்ன உடனே பெட்ரோல் டேங்க் மூடியத் திறங்க. உஸ்ஸுனு காத்து இழுத்தா மூடில இருக்குற காத்து ஓட்டை அடைஞ்சிருக்கு, வேலை முடிஞ்சது. இல்லன்னா பிளக்கக் கழட்டி இன்ஜின் மேல வச்சு ஸ்பார்க் பாருங்க, பிளக் ஓட்டைக்கிட்ட வைக்காதீங்க. ஆரஞ்சு கலர்ல சோம்பலா இருந்தாலோ, பாயிண்ட்ல நீலமா பொறி பறந்தாலோ கண்டென்சர் போச்சு. அதை மாத்தியும் அதேன்னா காயில். ஸ்பார்க் நல்லா இருந்து கிக்கர்ல கம்ப்ரஷனே இல்லன்னா டாப்பெட் டைட், மேல போய் படிங்க. கிக்கரே இறுக்கமா இருந்தா அது லேசான சீஸ், அதாவது பிஸ்டன் போர்ல இறுகிப் பிடிச்சிருக்கு.

ஆயில் கசிவு, கிளட்ச் ஸ்லிப்

எல்லா ஜாயிண்ட்லயும் ஒண்ணா கசியுதுன்னா கேஸ்கெட் மேல பழி போடாதீங்க, பிரீதர் (இன்ஜின் உள் காத்து வெளிய போற வழி) பாருங்க. ஹோஸ் மடங்கியிருக்கும், வால்வு திருப்பி மாட்டியிருக்கும், உள்ள பிரஷர் ஏறி எங்கெல்லாம் வழி கிடைக்குதோ அங்கெல்லாம் தள்ளும். ஒரே இடத்துல மட்டும்னா துடைச்சு டால்கம் பவுடர் தூவி பத்து நிமிஷம் ஓட்டுங்க, ஈரக்கோடு ஆரம்பிக்கிற இடம்தான் லீக். கிளட்ச் ஸ்லிப்னா கேபிள்ல ஆட்டம் இருக்கான்னு முதல்ல, அடுத்து கார் ஆயில் ஊத்திட்டாங்களான்னு பாருங்க, டப்பால ஜாஸோ எம்ஏ (JASO MA)னு போட்ட ஆயில்தான் ஆயில்ல நனைஞ்சு ஓடுற ஈரக் கிளட்ச்சுக்கு.

1000 கிலோமீட்டர் ஆச்சு, இன்னும் இழுவை இல்ல, ஆயிலும் குடிக்குது

இது ரொம்பப் பாசமா ஓட்டின வண்டிக்கு வர்றது. 30 கிலோமீட்டர் வேகத்துல, டாப் கியர்ல, த்ராட்டிலே திறக்காம ஓட்டினா ரிங்க போர் மேல அழுத்துறதுக்கு கேஸ் பிரஷர் பத்தாது. ஹோனிங் கோடு (போர் சுவர்ல போட்ட குறுக்குக் கீறல்) தேயாம அதுமேல ஆயில் வெந்து கண்ணாடி மாதிரி படிஞ்சிடும். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு சரியான முறை, நல்லா சூடேத்தினப்புறம் மூணாவது கியர்ல 40ல இருந்து 55 வரைக்கும் அரை த்ராட்டில்ல இழுத்து, உடனே முழுசா மூடி 40க்கு இறங்க விடுறது. மூடும்போது உள்ள வர்ற வேக்யூம் ஆயில மேல இழுத்து பிஸ்டனக் குளிர வைக்கும். இதையே பத்துப் பன்னெண்டு தடவை, நடுவுல கொஞ்சம் ஆற விட்டு. ஒரே வேகத்துலயே ரொம்ப நேரம் போகாதீங்க. டூ ஸ்ட்ரோக்குக்கு இந்த மூடுற வேலை வேணாம், காரணம் மேல சொல்லிட்டேன்.

இதைப் பண்ணிப் பார்த்து 200, 300 கிலோமீட்டர்ல மாறலன்னா கம்ப்ரஷன் கேஜ் வைங்க. இன்ஜின் சூடா, த்ராட்டில் முழுசா திறந்து கிக்கர அடிச்சு ரீடிங் எழுதிக்குங்க. அப்புறம் பிளக் ஓட்டைல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்க. ரீடிங் நல்லா ஏறினா ரிங் பக்கம், ஏறலன்னா வால்வு, இல்லன்னா ஹெட் கேஸ்கெட். வால்வுன்னா டாப்பெட் செட் பண்ணி மறுபடி ஒரு ரீடிங் எடுத்துட்டுதான் ஹெட்டக் கழட்டணும். ரிங்னா சிலிண்டரத் தூக்கி லேத்துல லேசா ஹோன் மட்டும் அடிச்சு புது ரிங் போடச் சொல்லுங்க. பளபளன்னு இருக்கேன்னு அடுத்த சைஸ் போர் போடச் சொன்னா, போர் கேஜ் ரீடிங்கக் காட்டச் சொல்லுங்க, அளவு லிமிட்டுக்குள்ள இருந்தா அந்த பிஸ்டனே ஓடும்.